பவளத்தின் எடை

ஆவணி 3. காலை 6.15

ஆண்டெனா சரி. காற்று சரி. தண்ணீர் சரி. வெளியே உள்ள குளிரை வெப்பநிலை என்று சொன்னால் வெப்பம் கோபித்துக்கொள்ளும்.

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு வணக்கம். நீங்கள் நின்றுகொண்டிருப்பது வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ என்ற நிலாவில். இதன் ஏகச் சக்கரவர்த்தி, முப்படைத் தளபதி, தலைமைச் சமையல்காரர், கழிவறைத் துப்புரவு ஆணையர் ஆகிய பதவிகளை ஒரே லுங்கியில் வகித்துவரும் விருதுநகர் தவசிலிங்கம் எழுதுவது. மக்கள்தொகை நான் ஒருவன். எதிர்க்கட்சியும் நானே, பெரும்பாலும் காலை வேளைகளில்.

என் வேலை ஆண்டெனாவைப் பார்த்துக்கொள்வது. தூரத்துக் கப்பல்கள் பூமியோடு பேசுவதெல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது. அண்டசராசரத்தின் பேச்சு முழுவதும் என் தலைக்கு மேலே போகிறது. அதில் ஒன்றுகூட எனக்கில்லை. எனக்கென்று வருவது வாரம் ஒரு முறை, வீட்டிலிருந்து.

பூமியில் எண்பத்தெட்டு கிலோவாக இருந்த நான் இங்கே ஓர் ஆட்டுக்குட்டியின் எடை. வரும் வழியில் இரண்டு வருஷம் போக, இங்கே நாலு வருஷமாக ஆட்டுக்குட்டியாக இருந்ததில், இவனைத் தாங்க நாம் எதற்கு என்று எலும்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டிருக்கின்றன. இதற்காகவே சுழல் அறை என்று ஒன்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய உருளை. அது சுழன்றால் உள்ளே இருப்பவனுக்குப் பூமியின் எடை வந்துவிடும். தினமும் அதில் நடக்க வேண்டும். நான் அதில் துணி காயப் போட்டிருக்கிறேன்.

சுவரில் ஒரு மருத்துவ இயந்திரம். ஊசி போடும், ரத்தம் எடுக்கும், புத்தி சொல்லும். சிஸ்டர் என்று கூப்பிடுகிறேன். வரும் சித்திரையில் என்னைத் திருப்பி அழைத்துப் போகக் கப்பல் வருகிறது. ஏறுமுன் தொடை எலும்பைச் சோதிப்பார்கள். தேறாதவனை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் ஊரில் இறங்கி வைக்கும் முதல் அடியில் அப்பளம்தான்.

இன்றைய சோதனையில் சிஸ்டரின் தீர்ப்பு: தேறவில்லை. சிஸ்டருக்கு மனிதர்களைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ஆவணி 9. காலை 10.40

ஆண்டெனா சரி. வீட்டிலிருந்து செய்தி வந்தது. என் தங்கை செல்வக்கனி. அப்படியே பதிகிறேன்:

"அண்ணே, சாப்ட்டியா? சிஸ்டர் மிஷினு எங்களுக்கும் ரிப்போர்ட் அனுப்புது, தெரியும்ல. தொடை எலும்பு தேறலையாமே. நாலு வருஷமா ஒரு அடி நடக்காம என்னண்ணே பண்ற அங்க? பவளத்துக்கு ஏழு வயசு நடக்குது. ஊர்ல இவ ஒருத்திக்குத்தான் இன்னும் காது குத்தல. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்னு நீதான சொல்லிட்டுப் போன. நானும் எல்லார்ட்டயும் எங்கண்ணன் வரட்டும், எங்கண்ணன் வரட்டும்னு சொல்லிக்கிட்டே கெடக்கேன். நீ என்னன்னா கப்பல்ல ஏத்தவே மாட்டாங்கன்ற நெலமையில இருக்க."

பின்னால் என் மச்சான் அழகுராஜாவின் குரல்: "மச்சான ஏத்தி அனுப்புனாலும் மடி தாங்குமான்னு கேளு. பிள்ளைய வச்ச உடனே ரெண்டா ஒடஞ்சா கோயில்ல எங்க போய் டாக்டரத் தேட?"

பிறகு அவர்கள் மகள் பவளக்கொடி. நான் கிளம்பும்போது ஐந்து மாதக் குழந்தை. இப்போது முன்பல் இரண்டைக் காணோம்.

"மாமா, கிளாஸ்ல என்னைய மொட்டக் காதுன்னு கூப்பிடுறாங்க. நீங்க எப்ப வருவீங்க? வலிக்குமா? வலிச்சா உங்க மீசையப் பிடிச்சுக்கலாம்னு அம்மா சொன்னா."

செய்தி முடிந்தது. மீசையைத் தடவிப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருக்கிறது. என் உடம்பில் தேறியது அது ஒன்றுதான்.

ஆவணி 10. காலை 7.00

சபதம். நாளை முதல் தினமும் விருதுநகரிலிருந்து மதுரை வரையிலான தூரத்தைச் சுழல் அறையில் ஓடியே கடப்பேன். சாட்சி வியாழன்.

ஆவணி 11. காலை 7.20

சபதம் திருமங்கலம் வரைகூடப் போகவில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டையே தாண்டவில்லை. உருளை முழு வேகம் எடுத்ததும் எண்பத்தெட்டு கிலோவும் வட்டியோடு திரும்பி வந்து என் மேல் உட்கார்ந்தது. தவழ்ந்து வெளியே வந்தேன். காய்ந்துகொண்டிருந்த துணிகள்கூட என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டன.

சிஸ்டர் சொன்னது: "தவசிலிங்கம் அவர்களே, இலக்கு பெரிது. நாளை காலணி அணிந்து சுழல் அறையின் வாசல்வரை வந்தால் போதும்."

சக்கரவர்த்திக்குக் கொடுக்கும் வேலையா இது. அவமானம் தாங்காமல் மதியம் வரை படுத்திருந்தேன்.

ஆவணி 12. காலை 6.30

காலணி அணிந்தேன். வாசல்வரை போனேன். திரும்பினேன்.

டக்கென்று ஒரு சத்தம். சமையலறைச் சுவரில் நாலு வருஷமாகத் திறக்காத ஓர் அலமாரி தானாகத் திறந்துகொண்டது. ஏதோ மின்கம்பிப் பெட்டி என்று நினைத்திருந்தேன். உள்ளே சாத்தூர்க் காராச்சேவு, காற்றை உறிஞ்சி அடைத்த சிறு பொட்டலம். மேலே செல்வக்கனியின் கையெழுத்தில்: "நடந்தாத்தான்."

கிராதகி. ஆறு வருஷத்துக்கு முன்பே, நான் கிளம்பும்போதே, என்னைப் பற்றித் தெரிந்து சிஸ்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டிருக்கிறாள். நாலு வருஷம் காராச்சேவுக்கு இரண்டு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு காராச்சேவுக்காக ஏங்கியிருக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். கலிஸ்டோ முழுவதும் மிளகு மணந்தது. அருகிலுள்ள மற்ற நிலாக்களும் மூக்கை நீட்டியிருக்கும்.

புரட்டாசி 6. காலை 6.50

ஆண்டெனா சரி. நடந்தேன்.

முறை இப்படி ஏற்பட்டிருக்கிறது. காலையில் காபித்தூளைக் கரைக்கிறேன். காபி ஆறுவதற்குள் காலணி மாட்டுகிறேன். காபி குடித்ததும் கால் தானாகச் சுழல் அறைக்குப் போகிறது. மனது அப்போது எழுந்திருக்கவே இல்லை. அது எழுந்து ஆட்சேபணை தெரிவிப்பதற்குள் நான் பாதி நடந்து முடித்துவிடுகிறேன். எதிர்க்கட்சியை இப்படித்தான் சமாளிக்க வேண்டும், அவை கூடுமுன்பே மசோதாவை நிறைவேற்றிவிட வேண்டும்.

வாரம் முழுக்க நடந்தால் ஒரு பொட்டலம். அலமாரியைக் கத்தியால் நெம்பிப் பார்த்தது உண்மை. சிஸ்டர் அதைச் செல்வக்கனிக்கு ரிப்போர்ட் அனுப்பியதும் உண்மை. "கத்தியவா எடுத்த? வெக்கமா இல்ல?" என்று எழுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து திட்டு வந்தது. ஒளியின் வேகத்தில் திட்டு வாங்கிய முதல் விருதுநகர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

புரட்டாசி 20. காலை 8.10

நடப்பது காலுக்குச் சரி. மடிக்கு? மச்சான் கிண்டலாகத்தான் கேட்டான். கோயிலில் பிள்ளையை மடியில் வைத்து, ஆசாரி ஊசியைக் காட்ட, அவள் திமிற, என் தொடை சடக்கென்றால்?

பவளத்தின் எடை என்ன என்று கேட்டு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது: இருபது கிலோ. வெளியே போய்க் கலிஸ்டோவின் மண்ணை அள்ளி வந்தேன். உலர்த்தி, சல்லடையிட்டு, பழைய மாவு மூட்டைத் துணியில் நிரப்பினேன். சுழல் அறைக்குள் தராசு வைத்து, பூமியின் எடையில் இருபது கிலோ வரும்வரை சரிபார்த்தேன்.

உருளை நிற்கும்போது மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது அது ஒரு கைக்குழந்தையின் கனம்தான். நான் விட்டுவந்த பவளத்தைவிடவும் சின்னக் குழந்தை. பொத்தானை அழுத்தினேன். உருளை சுழலச் சுழல மடியில் அவள் வளர ஆரம்பித்தாள். ஒரு வயது. மூன்று வயது. முழு வேகம் வந்ததும் ஏழு வயதுப் பெண் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டேன்.

தொடை நடுங்கியது. தாங்கியது.

நிறுத்தியபோது மறுபடி சிறுத்து, கைக்குழந்தையாகி நின்றாள். இறக்கி வைக்கக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. மண்தானே.

ஐப்பசி 28. பிற்பகல் 2.00

எட்டு நாளாக நடை இல்லை. ஆண்டெனாவைத் திருப்பும் பல்சக்கரம் உறைந்துவிட்டது. இரண்டு முழு நாள் வெளியே நின்று தட்டி, சூடேற்றி, கெட்ட வார்த்தை சொல்லிச் சரிசெய்தேன். அதில்தான் விட்டுப்போயிற்று. ஒரு நாள் விட்டால் மறுநாள் விடுவது எவ்வளவு சுலபம். மூன்றாம் நாள், விட்டதுதான் விட்டாயிற்று, வாரம் முழுக்க விட்டுவிடலாம், திங்கள்கிழமை ஆரம்பிக்கலாம் என்று எதிர்க்கட்சி தீர்மானம் கொண்டுவந்தது. ஏகமனதாக நிறைவேறியது. இங்கே திங்கள்கிழமை என்று ஒன்று கிடையாது என்பது வேறு விஷயம்.

அலமாரி திறக்கவில்லை. அது பெரிதில்லை. சுழல் அறைப் பக்கம் போனபோது மூட்டை மூலையில் சாய்ந்து கிடந்தது. யாரோ பள்ளிக்கூட வாசலில் காத்துக்கொண்டிருப்பதுபோல.

மச்சானின் செய்தி: "என்ன மச்சான், ரிப்போர்ட்ல ஒரு வாரம் முட்டையா இருக்கு? கடையில வேலைக்கு வர்ற பய மாதிரி லீவு சொல்லாமப் போறிய. விடுங்க. விட்டது விட்டதுதான், அதுக்கு ஒப்பாரி வைக்காம இன்னைக்கி ஒரு சுத்து சுத்துங்க. நாளைக்கி ரெண்டு."

ஒரு சுற்று சுற்றினேன்.

தை 2. காலை 7.45

ஆண்டெனா சரி. பொங்கல் கொண்டாடினேன். சூரியன் இங்கிருந்து பார்த்தால் தெருவிளக்கு அளவுதான். அதற்கும் மரியாதை செய்தேன். சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் ஏதோ பசை. பொங்கலோ பொங்கல் என்று கத்தினேன். யாரும் திரும்பக் கத்தவில்லை. சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

ஒரு விஷயம் கவனித்தேன். காராச்சேவு போன வாரமே தீர்ந்துவிட்டது. அலமாரி திறக்கிறது, காலியாக இருக்கிறது. ஆனாலும் காலையில் கால் போய்விடுகிறது.

மாசி 11. காலை 9.30

சர்வ வல்லமை பொருந்திய கலிஸ்டோ சக்கரவர்த்தியின் தொடை எலும்பு தேறிவிட்டது.

சிஸ்டர் மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் தேறியது. இனி இந்தத் தொடைமேல் பாலம் கட்டலாம், பாலத்தின்மேல் ரயில் விடலாம், ரயிலில் பவளத்தின் வகுப்பையே ஏற்றி, மொட்டக் காது என்று சொன்ன வாண்டுகளை மட்டும் வழியில் இறக்கிவிடலாம். வெற்றி ஊர்வலமாக நிலையத்தைச் சுற்றிவந்தேன். யானை நான். பாகன் நான். வேடிக்கை பார்த்த கூட்டமும் நான். கை தட்டினேன். சின்ன அறையில் ஒருவன் கை தட்டும் சத்தம் கேட்க நன்றாக இல்லை. நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்: "குலசாமி கோயிலில் சித்திரை கடைசியிலோ வைகாசியிலோ நாள் குறி. பூமிக்கு வந்து சேர இரண்டு வருஷம் ஆகும், தெரியும். எந்த வைகாசி என்று நீ முடிவு செய். பவளத்தின் எடையில் ஒரு மண்மூட்டையை மடியில் வைத்துப் பார்த்துவிட்டேன். மடி தயார்."

மாசி 26. காலை 10.40

பதில் இரண்டு வாரம் வரவில்லை. இன்று வந்தது. செல்வக்கனி முகம் வீங்கியிருந்தது, சளி என்றாள். நாள் குறித்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நடக்கிறத மட்டும் விட்றாதண்ணே. என்ன ஆனாலும் நடையை விட்றாத," என்று நாலு தரம் சொன்னாள். பவளம் வழக்கத்துக்கு மாறாகத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பாதி முகத்துக்கு முடி. எண்ணெய் வைத்து இறுக்கி இரட்டைச் சடை போடும் வீடு அது.

"மாமா, எனக்கு இப்ப எடை இருபத்தி ஒண்ணு. மூட்டையில ஒரு கிலோ கூட்டிக்கங்க. அப்புறம் மாமா, எங்க கிளாஸ் ராகவியும் நானும் டான்ஸு..."

பேச்சு சுவாரஸ்யத்தில் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். இடது காதில் தங்கப் பொட்டு. சுற்றிலும் மஞ்சள் பூசியிருந்தது.

அவளே திடுக்கிட்டுக் காதை மூடிக்கொண்டாள். "அய்யோ. அம்மா, காட்டிட்டேன்மா. மாமாட்ட சொல்லக் கூடாதுன்னு..."

செய்தி அங்கே அறுந்தது. பேசப் பேசவே கிளம்பிவிடும் செய்தி, திரும்பப் பிடிக்க வழியில்லை.

மாசி 26. பிற்பகல் 3.15

பதினோரு முறை பார்த்தேன்.

காது குத்தியதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் செல்வக்கனியை எனக்குத் தெரியும். ஏழு வருஷம் ஊர் வாயை அடைத்துக்கொண்டு காத்திருந்தவள். நான் வருவேன் என்று அவள் நம்பியிருந்தால் ஊசியைப் பிள்ளை பக்கத்தில் விட்டிருக்க மாட்டாள்.

வர மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

தலைமையகத்துக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். கப்பல் எங்கே?

மாசி 27. காலை 8.00

தலைமையகத்தின் பதில்:

"பார்வை: தங்களின் நேற்றைய செய்தி. தங்களை ஏற்றிவர ஒதுக்கப்பட்டிருந்த கலம், தவிர்க்க இயலாத காரணங்களால் வேறு பணிக்குத் திருப்பிவிடப்பட்டுள்ளது. அடுத்த கலம் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தங்கள் நிலையம் வந்து சேரும். தங்களின் உடற்பயிற்சி ஊக்கம் குன்றாதிருக்கும் பொருட்டு இத்தகவல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. தங்களின் குடும்பத்தார் இதற்கு ஒத்துழைத்தமை பாராட்டுக்குரியது. தாங்கள் தொடர்ந்து பயிற்சி மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

கேட்டுக்கொள்ளப்பட்டேன்.

பங்குனி 5. நேரம் பார்க்கவில்லை

ஆண்டெனா ஓடுகிறது. நடக்கவில்லை. காபியும் போடவில்லை, காபி போட்டால் கால் போய்விடும்.

சிஸ்டர்: "தங்களின் முந்தைய இலக்கு நீக்கப்பட்டுள்ளது. புதிய இலக்கைத் தேர்வு செய்யவும். ஒன்று, நல்ல உறக்கம். இரண்டு, நெகிழ்வான உடல். மூன்று, உற்சாகமான மனம்."

நான்கு, வாயை மூடு என்று சொன்னேன். அப்படி ஒரு தேர்வு பட்டியலில் இல்லையாம்.

பங்குனி 9. காலை 10.40

செல்வக்கனி:

"அண்ணே, மன்னிச்சிரு. கப்பல் வரலன்னு சொன்னா நீ நடக்கிறத விட்ருவ, எலும்பு உளுத்துப்போகும், அடுத்த கப்பல் வந்தாலும் ஏத்த மாட்டாங்கன்னு அந்த ஆபீசர் சொன்னாரு. எனக்கும் அதான் பட்டுச்சு. தூரத்துல ஒத்தையில கெடக்கவன்ட்ட என்னத்தச் சொல்ல. பிள்ளையும் பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு தினம் அழுக. ஒம்போது வருசம் எப்படிண்ணே? அவுக மடியில உன் நீலச் சட்டைய மடிச்சுப் போட்டு, அதுமேல உக்கார வச்சுத்தான் குத்துனோம். சத்தியமா."

அழகுராஜா: "மச்சான், ஒரு காதுதான் குத்துனோம். அதச் சொல்ல மாட்டேங்கிறா இவ. இடதக் குத்துன உடனே பிள்ள ஆசாரி கையத் தட்டிவிட்டு எந்திரிச்சுருச்சு. வலியில்ல. சட்டைக்கு மீசை இல்லையாம். அடுத்த காது மாமாவுக்குன்னு ஒரே பிடிவாதம். ஒத்தக் காதுல தோடு போட்டுக்கிட்டுத் திரியுது. இப்ப ஒத்தக் காதுன்னு கூப்பிடுறானுவ. எங்க போய்ச் சொல்ல?"

பங்குனி 10. காலை 6.40

ஒரு காது பாக்கி இருக்கிறது.

காபி போட்டேன். கால் போயிற்று. மூட்டையில் ஒரு கிலோ மண் சேர்த்து மடியில் வைத்துச் சுழலவிட்டேன். வளர்ந்தாள். தொடை தாங்கியது. சந்தோஷமாக இருந்தது.

இறங்கிய பிறகுதான் உறைத்தது. எனக்குப் பரிசு வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளை பதினெட்டு வயது வரை ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போக வேண்டுமா. இது காராச்சேவு இல்லை.

பவளத்துக்கு அனுப்பிய செய்தி: "பவளம், மாமா உத்தரவு. வலது காதையும் நாளைக்கே குத்திக்கொள். அப்பா மீசை என் மீசையைவிடப் பெரியது, அதைப் பிடித்துக்கொள். மாமாவுக்கு இங்கே வேலை அதிகம். நான் சக்கரவர்த்தி, உத்தரவை மீறக் கூடாது."

அனுப்பிவிட்டு அறை நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை எதற்காக எழுந்திருப்பது என்று யோசிக்கிறேன்.

பங்குனி 16. காலை 10.40

பவளம். தலையை இறுக்கி வாரி, இரண்டு காதும் தெரிய. ஒன்றில் தோடு. ஒன்று மொட்டை.

"முடியாது மாமா. நீங்க சக்கரவர்த்தின்னா அங்கதான. இங்க அம்மாதான். நான் எம்புட்டு நாள் வேணாலும் இருப்பேன். நீங்க நடங்க. எனக்கு எடை இருபத்தி ஒண்ணரை. பாத்து வச்சுக்கங்க, நான் வளருவேன்."

தலைமையகத்திடமிருந்து இன்னொரு செய்தி: "மின்சிக்கனம் கருதி, தங்கள் நிலையத்துக்கான தனிப்பட்ட செய்திகள் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகின்றன. அலுவல் தொடர்பு தொடரும்."

அரை கிலோ சேர்த்தேன்.

மறு வருஷம். ஐப்பசி. காலை

ஆண்டெனா சரி. மற்றவர் பேச்சு மேலே போகிறது.

பவளத்துக்கு இப்போது என்ன எடை? தெரியாது. எட்டு வயதுக்கு இவ்வளவு என்று சிஸ்டர் சராசரி சொல்கிறாள். சராசரிப் பிள்ளையா அவள். செல்வக்கனி நன்றாகச் சாப்பாடு போடுவாள். மழைக்காலம், காய்ச்சல் வந்து இளைத்திருப்பாளோ? ஒரு கைப்பிடி எடுத்தேன். பிறகு தேறியிருப்பாள் என்று திரும்பப் போட்டேன்.

நடந்தேன்.

அதற்கு மறு வருஷம். மாதம் பங்குனி என்று வைத்துக்கொள்கிறேன்

சுழல் அறையின் ஒரு தாங்கி தேய்ந்து கரகரக்கிறது. மாற்றுத் தாங்கி இல்லை. காபித்தூள் தீர்ந்தது. கால் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூட்டைத் துணி கிழிந்தது. என் நல்ல சட்டையில் தைத்தேன். கழுத்துப் பட்டி மேலே வந்துவிட்டது, பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. அப்படியே விட்டேன்.

இரண்டு கைப்பிடி.

காலை. வருஷம் சிஸ்டருக்குத் தெரியும்

எலும்பு தேறியதாம். சிஸ்டர் சொல்கிறாள், இருபது வயதுக்காரனின் தொடை. கை தட்டவில்லை.

இன்று அவளுக்குச் சடை பின்னத் தெரிந்திருக்கும். கணக்குப் பரீட்சை இருந்திருக்கும். கேட்டேன். சுழலும் சத்தத்தில் பதில் சரியாகக் கேட்கவில்லை.

நிறுத்தும்போதுதான் கஷ்டம். அத்தனை வருஷமும் ஒரு நிமிஷத்தில் மடியிலிருந்து வடிந்துபோகிறது.

காலை

உருளைக்குள்ளிருந்து எழுதுகிறேன். முழு வேகம். மடியில் கனமாக இருக்கிறாள். தொடை மரத்துவிட்டது, ஆனால் தாங்குகிறது.

சிஸ்டர்: "இன்றைய இலக்கு நிறைவேறியது. வாழ்த்துகள். சுழற்சியை நிறுத்தலாமா?"

இன்னும் கொஞ்ச நேரம் என்றேன்.

நேற்றுக் காலையும் இதையேதான் சொன்னேனாம். அதற்குப் பிறகு இறங்கவே இல்லையாம். ஆண்டெனா சிவப்பு விளக்கு காட்டுகிறதாம். தாங்கி சூடேறுகிறதாம். இப்போது நிறுத்தாவிட்டால்

சத்தம் போடாதே சிஸ்டர். பிள்ளை இப்போதுதான் கண் அசந்தாள்